சும்மா நிற்கிற மாப்பிள்ளை

அன்று கயிற்றுக்குள் இருந்தவர்கள்.

அந்தோணி, வெல்டர். கை நடுங்காது. வாய் நிற்காது.

கோபால், அவருக்குக் குழாய் பிடித்துக் கொடுப்பவர். மீசை பெரிது. எங்கே நிழல் கண்டாலும் தூங்குவார்.

மேனேஜர். கையெழுத்துப் போட வந்தவர். போட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை.

தனபால். கையில் சிவப்புப் பட்டை. காலடியில் இரண்டு மணல் பக்கெட்.

வேதாசலம், மாட்டுத் தரகர். படப்பைக்குப் பக்கத்து ஊர். தோளில் ஈரிழைத் துண்டு.

அப்புறம் நான். ஏழுமலை. பர்மிட் எழுதுகிறவன்.

கயிற்றுக்கு வெளியே வேப்பமரத்தில் இரண்டு மாடுகள் கட்டியிருந்தன. அவற்றையும் எழுதட்டுமா என்று கேட்டேன். மேனேஜர் என்னை முறைத்தார். எழுதவில்லை. ஆட்கள் ஆறு என்று போட்டேன்.

இந்தத் தொடரில் ஏன் ஒவ்வொரு வாரமும் ஆள் கணக்கில் ஆரம்பிக்கிறீர்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பர்மிட்டில் முதல் வரி அதுதான். யார் யார் இருக்கிறார்கள். பிறகுதான் என்ன வேலை என்பது. ஏதாவது ஆகிவிட்டால் எத்தனை பேரைத் தேடுவது என்று தெரிய வேண்டும். பழகிவிட்டது.

வெல்டிங் முடிந்திருந்தது. குழாய் ஆறிக்கொண்டிருந்தது. சுட்ட இரும்பின் வாசனை. டிரம் யார்டிலிருந்து தின்னர் வாசனை, கனிந்துபோன வாழைப்பழம் மாதிரி. தனபால் குழாயில் ஒட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். தரகர் அவனுக்குப் பின்னால் போனார். அவன் தலையிலிருந்த தொப்பியை இரண்டு விரலால் தூக்கினார்.

ஏன் தூக்கினார் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கற்பூரத்துக்கு ஒரு பர்மிட்

எழுபதுகளின் பின்பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரகடம் பக்கம் அப்போது கம்பெனிகள் ஒன்றிரண்டுதான். வேர்க்கடலைக் கொல்லைக்கு நடுவே எங்கள் தகரக் கொட்டகை. பெயிண்டும் தின்னரும் செய்தோம்.

நான் ஐந்தாவது வரை. அதிலும் பாதி. எழுத வரும், வேகமாக வராது. அதனால்தான் எனக்கு இந்த வேலையைக் கொடுத்தார் பழைய மேனேஜர். வேகமாக எழுதுகிறவன் பார்க்காமலே எழுதிவிடுவான் என்றார். பம்பாய்ப் பக்கம் எண்ணெய் ஆலையில் இருந்தவர். பர்மிட் என்கிற சங்கதியை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தவர் அவர்.

சங்கதி பெரிதில்லை. தின்னர் இருக்கிற இடத்தில் பொறி பறக்கிற வேலை என்றால் சீட்டு வேண்டும். நான் போய்ப் பார்ப்பேன். டிரம்மை உருட்டச் சொல்வேன். தரையைக் கழுவச் சொல்வேன். சுற்றிலும் கயிறு கட்டுவேன். உள்ளே இருப்பவர் பேரை எழுதுவேன். மேனேஜர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்தோணி வெல்டிங் ராடைத் தொடலாம். பேர் எழுதாதவன் கயிற்றைத் தாண்டக் கூடாது. அது யாராக இருந்தாலும்.

அதற்கு முன்னால் எங்கள் ஆட்களுக்கு வேறு பழக்கம். ஆபத்தான வேலை என்றால் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு ஆரம்பிப்பார்கள். எங்கே? வேலை நடக்கிற இடத்தில்தான். தின்னர் டிரம்முக்குப் பக்கத்தில். தீ விபத்து வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டு.

யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. சாமி இருக்கிறது என்பார்கள். இருக்கத்தான் வேண்டும்.

கற்பூரம் கூடாது என்றேன். “இன்னாண்ணே, சாமிக்கே தடை போடுவியா?” என்று சண்டைக்கு வந்தார்கள். அந்தோணி மாதா கோயில்காரர். “அப்ப மெழுகுவத்தி?” என்று கேட்டார். அதுவும் கூடாது. அன்றைக்கு இரண்டு சாமிக்காரர்களும் ஒற்றுமையாக என்னைத் திட்டினார்கள். போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, தான் அப்படியெல்லாம் பேசியதே கிடையாது என்று அந்தோணி சொல்லி அனுப்பினார். பேசினார். இதையும் பேசினார்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு மட்டும் தடுக்க முடியாது. வீட்டு ஆட்களெல்லாம் வருவார்கள். யோசித்தேன். கற்பூரத்துக்கு ஒரு பர்மிட் எழுதினேன்.

வேலை: தீபாராதனை. இடம்: கேன்டீன் வாசல். செய்பவர்: குருக்கள். பேரைக் கேட்டால் கோத்திரம், நட்சத்திரம் எல்லாம் சொன்னார். நட்சத்திரத்துக்குக் கட்டம் இல்லை சாமி என்றேன். பயர்வாட்ச்: தனபால்.

பயர்வாட்ச் என்றால் தீயைப் பார்த்துக்கொண்டு நிற்பவன். அவன் உட்காரக் கூடாது. பேசக் கூடாது. வேறு வேலை செய்யக் கூடாது, ஒரு ஸ்பானரைக்கூட எடுத்துக் கொடுக்கக் கூடாது. தீவேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் அங்கேயே நின்று, அந்த இடத்தையே பார்க்க வேண்டும். பொறி எங்கே போய் ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

பூஜை நடந்தது. தட்டு எல்லோரிடமும் போனது. தனபால் முன்னாலும் வந்தது. அவன் கையை நீட்டவில்லை. தீயையே பார்த்தான். குருக்கள் மணியை இன்னொரு தரம் ஆட்டினார். “திமிரப் பாரேன்” என்றாள் பின்னால் ஒரு அம்மாள். கற்பூரம் அணைந்தது. எல்லோரும் சுண்டலுக்குப் போனார்கள். தனபால் இன்னும் அரை மணி நின்றான். கட்டை விளக்குமாறு, தண்ணீர்ப் பானை, அணைந்த தட்டு, அவன்.

சுண்டல் தீர்ந்துவிட்டது.

யாராச்சும் நிற்பார்களா?

இந்த வேலைக்குப் போட்டி இருந்தது. சும்மா நிற்கக் கூலியா என்று எல்லோரும் கேட்டார்கள். எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்தேன்.

ஒருத்தர் பக்கெட்டைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார். ஒருத்தர் மணலில் வெற்றிலை துப்பினார். கோபால் நின்றபடியே தூங்கினார். அதை ஒரு திறமை என்றே சொல்ல வேண்டும். ஒருத்தர் பக்கத்து ஏரியில் மீன் துள்ளுகிற சத்தம் கேட்டுப் போனவர், கெளுத்தியோடு திரும்பி வந்தார். குழம்பு நன்றாக இருந்தது.

நின்றவன் தனபால் ஒருவன்தான். அவனுக்கு வாய் உண்டு. பஸ்ஸில் பாடுவான். கேன்டீனில் எல்லோரையும் போலப் பேசிக் காட்டுவான். பட்டையைக் கட்டிவிட்டால் மட்டும் வேறு ஆள். பக்கெட் தனபால் என்று பேர் வைத்தார்கள். பக்கத்து ஊரில் போய் தனபால் வீடு எது என்று கேட்டால் தெரியாது. பக்கெட் வீடு என்றால் கொண்டுபோய் விடுவார்கள்.

அவனுக்கு ஒரு இடத்தில் பெண் பேசினார்கள். கஸ்தூரி. படப்பையில் தையல் வகுப்புக்குப் போகிற பெண். பஸ்ஸில் பார்த்திருக்கிறான். அவளும் பார்த்தாள் என்றான். எத்தனை தரம் என்று அந்தோணி கேட்டார். சிரித்தான்.

கல்யாணத் தரகர் பெண் வீட்டில் நன்றாகத்தான் சொல்லியிருக்கிறார். பையன் கம்பெனியில் பெர்மனென்ட், நெருப்பு டிபார்ட்மென்ட், அவன் இல்லாமல் ஒரு வேலையும் ஆரம்பிக்காது என்று. பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பெண்ணின் அப்பா மாட்டுத் தரகர். தரகர் பேச்சு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். நேரில் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம்

யாரிடமும் சொல்லாமல் வந்தார். டீக்கடையில் விசாரித்தார்.

“இந்தக் கம்பெனில தனபாலுன்னு ஒரு பையன் கீறானாமே, இன்னா வேலை செய்றான்?”

“பக்கெட்டா? நிப்பான்.”

“நின்னு?”

“நின்னு இன்னா. நிப்பான், அவ்ளோதான்.”

கம்பி வேலிக்கு வந்தார். அவர் கெட்ட நேரம், அது அந்த அரை மணி நேரம். வேலை முடிந்து எல்லோரும் டீக்குப் போயிருந்தோம். தனபால் மட்டும் நின்றான். எதிரே ஒரு சுவர். சுவரில் ஒரு குழாய். இவன் அதைப் பார்க்கிறான்.

“தம்பி” என்றார். திரும்பவில்லை. “தம்பியோவ்” என்றார். திரும்பவில்லை. இருமினார். ஒரு சின்னக் கல்லை எடுத்து பக்கெட் மேல் போட்டார். டங் என்றது. அவன் கல்லைப் பார்த்தான். குழாயைப் பார்த்தான்.

அவர் மறுபடி டீக்கடைக்கு வந்து சொன்னார்: “காது கேக்கல. மந்திரிச்சு உட்ட கோழியாட்டம் நிக்கிறான். இவனுக்கா என் பொண்ணு?”

சாயங்கால ஷிப்ட் பஸ் சுங்குவார்சத்திரம் தாண்டுவதற்குள் கதை வளர்ந்துவிட்டது. ஒற்றைக் காலில் நின்றானாம். சுவரோடு பேசினானாம்.

மறுநாள் தனபால் என்னிடம் வந்தான். பாட்டு இல்லை, சிரிப்பு இல்லை.

“அண்ணே, என்னை மாத்திடு. கோபாலுக்குப் பதிலா குழா புடிக்கிறேன். எதுனா கையில இருந்தா போதும்.”

“நீ போனா யாரு நிப்பா?”

“யாராச்சும்.”

“யாராச்சும் நிக்க மாட்டான்.”

“எனக்குப் பொண்ணு போவுதுண்ணே. வேற எடம் பாக்கறாங்க. அடுத்த முகூர்த்தத்துக்குள்ள முடிச்சுடணும்னு பொண்ணோட அப்பா சொல்லிக்கினு கீறாரு.”

டிரம் யார்டில் முந்நூறு டிரம் இருந்தது. கோபாலை அங்கே நிற்கவைத்து நான் வீட்டில் தூங்க முடியாது. இவனுக்கும் ஒரு பெண் வேண்டும். இரண்டும் நியாயம்தான்.

அந்தோணி கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவர் கண்ணாடியை ஏற்றினால் ஏதோ விஷமம்.

“ஏழுமல, நம்ம கம்பெனி வண்டி மாடு ரெண்டும் விக்கப் போறாங்க இல்ல?”

டிராக்டர் வாங்கியாகிவிட்டது. மாட்டை விற்கச் சொல்லி மேனேஜர் ஒரு மாதமாக எல்லோரையும் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

“ஆமா.”

“படப்பைல நல்ல தரகர் ஒர்த்தர் கீறாரு. சொல்லி அனுப்பறேன்.”

நான் தூண்டவில்லை. தடுக்கவும் இல்லை. வண்டிக் கொட்டகைச் சுவரில் ஒரு தண்ணீர்க் குழாய்க்கு பிராக்கெட் ஒட்ட வேண்டியிருந்தது. அது இன்னும் சில மாதம் தாங்கும். தரகர் வருகிற அன்றைக்கே அதற்கு பர்மிட் எழுதினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

சுழி பார்த்தார்

கொட்டகையிலிருந்து வைக்கோலை அள்ளி வெளியே போட்டோம். மாடுகளை வேப்பமரத்தில் கட்டினோம். தரகர் வந்தார். மாட்டின் வாயைத் திறந்து பல் பார்த்தார். வாலை முறுக்கினார். காதோரம் கையைத் தட்டினார். முதுகில் சுழி தேடினார். அந்தோணி அதற்குள் வேலையை முடித்து, ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டார். அரை மணி ஆரம்பித்தது.

அப்போதுதான் தரகர் கயிற்றுக்குள் பார்த்தார்.

“இது அந்த செவிட்டுப் பையன் இல்ல?”

“செவிடா?” என்றார் அந்தோணி. “யோவ், அவன் காது பாம்புக் காது. பேசக் கூடாதுன்னு பர்மிட்ல கீது, அதான் பேசல.”

“எழுதிட்டா பேச மாட்டானா?”

“மாட்டான்.”

“எம்மா நேரம்?”

“குழா ஆர்ற வரிக்கும்.”

தரகருக்கு அது நம்புகிற மாதிரி இல்லை. கிட்டே போய்ப் பார்க்க வேண்டும் என்றார். பேர் எழுதாமல் முடியாது என்றேன். கா. வேதாசலம் என்றார். காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. என்ன போட என்று கேட்டேன்.

“பாக்கத்தான். வேற இன்னா?”

பார்வை என்று எழுதினேன். ஐந்து ஆறாகியது. கயிற்றைத் தூக்கிவிட்டேன்.

அவர் முதலில் தனபாலின் காதோரம் கையைத் தட்டினார். மாட்டுக்குத் தட்டிய அதே தட்டு. ஒன்றும் இல்லை. ஒரு சுற்று சுற்றி வந்தார். திடீரென்று “பாம்பு! பாம்பு!” என்று கத்தினார்.

கோபால் விழித்துக் கயிற்றைத் தாண்டிக் குதித்தார். மேனேஜர் கவிழ்ந்து கிடந்த ஒரு கூடை மேல் ஏறிவிட்டார். மாடுகள் இரண்டும் கயிற்றை இழுத்தன. தனபால் கீழே காலைச் சுற்றி ஒரு தரம் பார்த்தான். மறுபடி குழாயைப் பார்த்தான்.

“ம்” என்றார் தரகர்.

பின்னால் போய்த் தொப்பியைத் தூக்கியது அப்போதுதான். உச்சந்தலையைக் குனிந்து பார்த்தார். தலையில் இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு கல்யாணம் என்பார்கள் எங்கள் பக்கம்.

“ஒத்தச் சுழிதான்” என்றார். தொப்பியைத் திருப்பி வைத்தார். கோணலாக வைத்தார். தனபால் அதைச் சரிசெய்யவில்லை.

“பல்லும் புடிச்சுப் பாத்துடு” என்றார் அந்தோணி. “அப்பறம் குறை சொல்லக் கூடாது.”

“வாயத் தொறக்க மாட்டேங்கிறானே.”

“பொறு. அரை மணிக்கு அப்பறம் மூட மாட்டான்.”

மேனேஜர் கூடையிலிருந்து இறங்கினார். “மாட்டுக்கு என்ன சொல்றீங்க?” என்று கேட்டார்.

“இருங்க சார். ஒண்ணொண்ணா பாப்போம்.” தரகர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “இப்படி நிக்கிற மாடு கெடைச்சா நான் விக்கவே மாட்டேன். வூட்லயே கட்டிப்பேன்.”

“அப்ப கட்டிக்கோ” என்றார் அந்தோணி.

“மாடு வேற, மாப்பிள்ள வேற. நாளிக்கு ஒரு அவசரம், என் பொண்ணு கூப்புடறா. இவன் எங்கனா சொவத்தப் பாத்துக்கினு நின்னா?”

அந்தோணி கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டார். தனபால் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

அப்பாவுக்குச் சோறு

அந்த நேரம் கேட் பக்கமிருந்து ஒரு பெண் வந்தது. பச்சைத் தாவணி. கையில் தையல் வகுப்புப் பை. வாட்ச்மேன் எப்படி விட்டார் என்று பிறகு கேட்டேன். அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்தேன் என்றாளாம். பையில் சோறு இல்லை. கத்தரிக்கோல்தான் இருந்தது.

“நீ எதுக்கும்மா இங்க வந்த?” என்றார் தரகர்.

“செவிடா இல்லியான்னு பாக்கத்தான். நீ ஒண்ணு சொல்ற, பஸ்ல ஒண்ணு சொல்றாங்க.”

கயிற்றுக்கு வெளியே, தனபாலின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“இன்னாங்க” என்றாள்.

தனபால் திரும்பவில்லை. நான் அவன் பக்கவாட்டில் இருந்தேன். காது சிவந்தது. கழுத்து சிவந்தது. பக்கெட்டுகளுக்கு நடுவில் அவன் கால் கட்டைவிரல் மண்ணை நோண்டியது. முகம் மட்டும் குழாயிடம் இருந்தது.

திரும்பியிருந்தால் அவனை அந்த இடத்திலேயே மாற்றியிருப்பேன். திரும்பாவிட்டால் பெண் போய்விடும். எனக்கு இரண்டும் தெரியும். அவனுக்கும் தெரியும்.

“பாத்தியா?” என்றார் தரகர். “என் பொண்ணு வந்து நிக்கிறா. ஒரு மரியாதிக்குக் கூட திரும்பல. வா போலாம்.”

“நீ கூப்புட்டப்பவும் திரும்பலன்னு சொன்ன.”

“ஆமா.”

“பாம்புன்னு கத்தனப்பவும் திரும்பல. கேட் வரிக்கும் கேட்டுச்சு.”

“ஆமா, அதுக்கு?”

“அப்ப எல்லாத்துக்கும் ஒரே மாதிரி தான கீறாரு.”

தரகர் தலையைச் சொறிந்தார்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கயிற்றோடு ஒரு சுற்று நடந்து சுவர்ப் பக்கம் போனாள். குனிந்து கயிற்றைத் தூக்கினாள். உள்ளே வந்தாள். குழாய்க்கு அந்தப் பக்கம், அந்தோணி ஒட்டிய ஒட்டுக்கு நேர் பின்னால் போய் நின்றாள். தனபால் எதைப் பார்த்துக்கொண்டிருந்தானோ அதே கோட்டில்.

அவன் கண்ணை எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

“இப்ப பாக்கலாமில்ல?” என்று என்னைக் கேட்டாள்.

பயர்வாட்ச் தீவேலை நடந்த இடத்தைப் பார்க்க வேண்டும். பார்க்கிறான். பேசக் கூடாது. பேசவில்லை. வேறு வேலை செய்யக் கூடாது. இதை வேலை என்று சொல்ல முடியாது. அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு அவள் மேல். பேர் எழுதாமல் கயிற்றைத் தாண்டிவிட்டாள்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். அந்தோணி கண்ணாடியை ஏற்றினார். உள்ளே திரும்பி வந்திருந்த கோபால்கூட விழித்திருந்தார்.

பென்சிலை எடுத்தேன்.

“எழுதலைன்னா இன்னா ஆவும்?” என்று கேட்டார் தரகர். குரல் இறங்கியிருந்தது.

“வெளியே அனுப்பணும்.”

“எழுதனா?”

“குழா ஆறுற வரைக்கும் இருக்கலாம்.”

தரகர் மாடுகளைப் பார்த்தார். மாடுகள் அசைபோட்டன. பெண்ணைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கோணல் தொப்பியைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். தரகர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“எழுதிக்கோ” என்றார்.

கஸ்தூரி என்று எழுதினேன். மெதுவாகத்தான் வரும் எனக்கு. காரணம் என்று கேட்டேன்.

“அப்பாவுக்கு இன்னா போட்டீங்களோ, அதான்” என்றாள்.

போட்டேன். மேலே போய், ஆறு என்று இருந்ததை அடித்தேன்.

ஏழு.